குகையில் விட்டுவந்த ஆள்

அந்தப் பெட்டியை எரித்துவிடச் சொல்லித்தான் என்னிடம் கொடுத்தார்கள்.

எண்பதுகளின் பின்பாதியில் நான் ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளியில் நூலகராக இருந்தேன். வேலை முடிந்து தன் நாட்டுக்குத் திரும்பிப் போன ஆசிரியர் ஒருவர் அறையில் விட்டுச்சென்ற சாமான்களில் அந்தப் பெட்டியும் ஒன்று. மூடியின் மேல் கொம்பு முளைத்த பூதம் ஒன்று நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது, குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிடுங்கள் என்று மேலிடத்து உத்தரவு. எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. படிக்காதே என்று யாராவது சொன்னால் அதைத்தான் முதலில் படிப்பேன். தீப்பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே ஒல்லியாக ஒரு விதிப் புத்தகம் இருந்தது, கடைசிப் பக்கங்கள் இல்லாமல். அதோடு ஒரே ஒரு பகடை. நெல்லிக்காய் அளவுதான், ஆனால் அதற்கு இருபது முகங்கள்.

விளையாட்டு இதுதான். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். “நீங்கள் ஒரு குகை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே ஏதோ உறுமுகிறது, என்ன செய்யப்போகிறீர்கள்?” என்று கேட்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பதில் சொல்வார்கள். ஒரு காரியம் நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்டிப் பார்ப்பது. பெரிய எண் விழுந்தால் நல்லது, சின்ன எண் விழுந்தால் வம்பு. பலகை கிடையாது, காய் கிடையாது, ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது. ஆட்கள் வந்துகொண்டிருக்கும்வரை கதை போய்க்கொண்டிருக்கும்.

எனக்கு அப்போது வயது முப்பத்து நாலு. எப்போது கல்யாணம் என்று கேட்டுக் கேட்டு வீட்டில் உள்ளவர்களுக்கே அலுத்துப்போயிருந்தது. சொந்த ஊர் திருச்சி. ஏற்காட்டுக்கு வந்து ஐந்து வருடம் ஆகியும் மூடுபனியைத் தவிர வேறு யாரும் என் அறைக்கு வந்ததில்லை. வார நாட்கள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் நகரவே நகராது. அந்த விதிப் புத்தகத்தை மூன்று முறை படித்து முடித்தபோது எனக்கு நாலு பேர் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது விளையாட்டுக்கான ஆசை மட்டும் இல்லை.

முதலில் பள்ளியில் கூட வேலை பார்த்தவர்களை இழுத்துப் பார்த்தேன். கணக்கு வாத்தியார் ஒருவர் வந்தார். பகடையில் எந்த எண் விழ எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு தாள் முழுக்க எழுதி வைத்துக்கொண்டு, அடுத்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அவரே சொல்லிக்கொண்டிருந்தார். விளையாட்டு மாஸ்டர் ஒருவர் வந்தார். குகைக்குள் யார் இருந்தாலும் அவருக்கு அடிக்கத்தான் வேண்டும். வழி சொல்ல வந்த கிழவியையும் அடித்தார். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நான் புத்தகத்தைப் படீரென்று மூடிவிட்டு, “நீங்க ரெண்டு பேரும் கேரம் ஆடுங்க” என்று எழுந்துவிட்டேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். அதனாலேயே பாதி ஆட்கள் என்னிடம் ஒட்ட மாட்டார்கள்.

என் ஆட்கள் கிடைத்தது சேலத்திலிருந்து திரும்பி வந்த பஸ்ஸில்.

கைப்பையிலிருந்து பகடையை எடுத்துச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பிய வேகத்தில் அது கையிலிருந்து தப்பி, சீட்டுகளுக்கு அடியில் உருண்டு பின்பக்கம் போய்விட்டது. நான் பதறிப்போய் எழுந்து கத்தினேன். தங்கச் சங்கிலி விழுந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, கண்டக்டர் விசிலடித்து வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டார். “பொருள் கெடைக்காம நான் ரைட் குடுக்க மாட்டனுங்க, எல்லாரும் காலைத் தூக்குங்க” என்றார். வண்டி முழுக்கக் காலைத் தூக்கியது.

கடைசி சீட்டில் ஒருவர் கருவாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பகடை அவர் பாதத்தில் மோதி நின்றிருந்தது. எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏனுங்க, இதுக்கு எதுக்குங்க இத்தன மூஞ்சி?”

கண்டக்டர் வாங்கி எண்ணினார். “இருபது இருக்குதுங்க மேடம். நம்ம மலை ரோட்டு வளைவு கணக்கா இருக்குது.”

மீதி வளைவுகள் முடிவதற்குள் இரண்டு பேருக்கும் விளையாட்டைச் சொல்லிவிட்டேன். கண்டக்டர் அடிவாரத்தில் குடியிருந்தார். கருவாட்டுப் பைக்காரர் நாகலூர்ப் பக்கம் மலை விவசாயி. கொஞ்சம் காப்பி, மிளகு, ஆரஞ்சு. அவருக்கும் என் வயதுதான் இருக்கும். ஞாயிறு தோறும் டவுனுக்கு வருவேன் என்றார். “கதை கேக்கறதுன்னா எனக்கு நொம்பப் புடிக்குமுங்க. கதைக்குள்ள போறதுன்னு இப்பத்தான் கேக்கறேன்.”

நாலாவது ஆள் நர்ஸ். காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போன இடத்தில் என் மடியில் இருந்த விதிப் புத்தகத்தின் அட்டையிலும் நின்ற அதே பூதத்தைப் பார்த்து, “இது யாரு, உங்க ஹெட்மிஸ்ட்ரஸா?” என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகவே அவளைச் சேர்த்துக்கொண்டேன். ஏற்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவள், மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள், அம்மாவோடு இருந்தாள். அவள் வீட்டு முன்னறையில் ஒரு பெரிய சாப்பாட்டு மேசை இருந்தது. அதுதான் எங்கள் இடம் ஆனது.

வெளியிலிருந்து பார்த்தால் நாங்கள் என்ன செய்கிறோம் என்று யாருக்கும் புரியவில்லை. பக்கத்து வீட்டில் சில நாள் ஜெபக்கூட்டம் என்று நினைத்தார்கள், சில நாள் ரம்மி என்று நினைத்தார்கள். கண்டக்டரின் மனைவிக்கு, இந்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார் என்று சந்தேகம். ஒரு நாள் கூடவே வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். தன் கணவர் மேசைக்கு அடியில் குனிந்து, ஆற்றில் முதலை இருக்கிறதா என்று பார்ப்பதைக் கண்ணால் கண்டதும், “பைத்தியந்தானா, நான் வேற என்னமோன்னு நெனச்சேன்” என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

நாலு பெரியவர்கள் ஒரே நேரத்தில் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. நர்ஸுக்கு டூட்டி மாறும். கண்டக்டருக்கு லீவு எந்தக் கிழமையில் விழும் என்று அவருக்கே தெரியாது. கெஞ்சிக் கூத்தாடி மாற்றிக்கொண்டு வருவார். நாகலூர்க்காரருக்குக் காப்பி பறிப்பு, மிளகுப் பறிப்பு. எனக்குப் பள்ளி ஆண்டு விழா. நேரம் ஒத்துவந்த பிறகு குணமும் ஒத்துவர வேண்டுமே. எப்படியோ வந்தது. அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை.

கண்டக்டர் தன் தொழிலை விட்டு வெளியே வரவே மாட்டார். கதையில் அவர் வாள் வீரன்தான். ஆனாலும் ஒவ்வொரு முறை நகரும்போதும், “எல்லாரும் ஏறியாச்சா, ரைட்” என்பார். பகடையில் இருபது விழுந்தால் “டாப்பு வந்தாச்சு” என்று கை தட்டுவார். ஒன்று விழுந்தால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு “அடிவாரத்துலயே நிக்குது” என்பார். நர்ஸ் வைத்தியச்சி. எதிரியைக் கண்டக்டர் வெட்டிச் சாய்த்த மறுநிமிடமே ஓடிப்போய்க் கட்டுப் போடுவாள். “அவன் நம்மளக் கொல்ல வந்தவன்” என்று நான் கத்துவேன். “இருக்கட்டும், ரத்தம் போகுதில்ல” என்பாள்.

நாகலூர்க்காரர் தேனெடுக்கிறவர். பாறை இடுக்கில் கயிறு கட்டி இறங்கித் தேனெடுப்பது கதையில் அவருடைய தொழில். அவருக்கு ஒரு கோடு போட்ட நோட்டு. அதில் தன் ஆளுடைய உடைமைகளைத் தமிழில் பெரிய பெரிய எழுத்தாக எழுதி வைத்திருந்தார். ஒரு கயிறு, ஒரு கத்தி, ஒரு கம்பளி, ஒரு பை ராகி மாவு, ஆத்தா கொடுத்த வெள்ளிக் காப்பு. விதிப் புத்தகத்தில் ஆத்தாவுக்கெல்லாம் இடம் இல்லை என்றேன். “ஆத்தா இல்லாம எப்படிங்க பொறந்திருப்பான்?” என்று கேட்டார்.

ஆரம்பத்தில் அவர் கேள்விகள் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தன. குகைக்குள் ஐம்பது குட்டிப் பூதங்கள் இருக்கின்றன என்று பயங்கரமாகக் குரலை மாற்றிச் சொல்வேன். அவர் யோசித்துவிட்டு, “அம்பது பேருக்குச் சோத்துக்கு என்னுங்க பண்ணுதுங்க?” என்பார். அன்று ராத்திரி போய்ப் பூதங்களின் சாப்பாட்டுக்கு வழி யோசிப்பேன். கடைசியில் அந்தப் பெரிய பூதத்துக்கே அவர் ஒரு உருண்டை களி கிண்டிக் கொடுத்து, அதைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார். மூன்று வாரம் கஷ்டப்பட்டு நான் தயார் செய்து வைத்திருந்த சண்டை ஒரு உருண்டைக் களியில் முடிந்துபோனது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நர்ஸின் அம்மா அச்சுமுறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அறைக்குப் போகும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

இப்படி ஒன்றரை வருடம் போயிற்று. அந்த ஒன்றரை வருடத்தில் நான் திருச்சிக்குப் போனது இரண்டே முறை. அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தெரிந்தவர்கள் மூலம் திருச்சியிலேயே ஒரு கல்லூரியில் நூலகர் வேலைக்குச் சொல்லி வைத்து, அது கிடைத்தும்விட்டது. நல்ல வேலை, வீட்டிலிருந்தே போகலாம். வருகிறேன் அல்லது வரவில்லை என்று மாதக் கடைசிக்குள் எழுதிப் போட ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். கேட்டவர்கள் எல்லாரும் இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன என்று நான் யாரிடம் சொல்வது? படிவத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, மூன்று பேரிடமும் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். ஒருவரும் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கண்டக்டர் மட்டும், “இந்தக் குகைய முடிச்சுட்டு யோசிக்கலாமுங்க மேடம்” என்றார்.

அந்தக் குகையில்தான் வினை வந்தது.

அது வரைக்கும் நான் உண்டாக்கியதிலேயே பெரிய குகை. நடுவில் ஒரு பாதாளம், அதன் ஓரத்துப் பாறையில் ஒரு தேன்கூடு. தேனெடுக்கிறவர் இறங்காமல் இருப்பாரா? கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். பாதி இறங்கியதும் பாறை சரிகிறது என்றேன், பகடையை உருட்டச் சொன்னேன். உருட்டினார். ஒன்று.

“அடிவாரம்” என்றார் கண்டக்டர், ரொம்ப மெதுவாக.

கண்டக்டரும் நர்ஸும் கயிற்றை மேலே இழுத்தார்கள். தேனெடுக்கிறவர் தலையில் அடிபட்டு இறந்திருந்தார். புத்தகப்படி பார்த்தாலும் வேறு வழி இல்லை. எனக்கு அழுகை வரும்போல் இருந்தால் நான் கறாராகிவிடுவேன், பிறவிக் கோளாறு. விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். இறந்தவருடைய பொருள்களை மற்றவர்கள் பிரித்துக்கொள்ளலாம், அவரை ஆடியவர் புதிதாக ஒரு பாத்திரத்தைத் தொடங்கலாம் என்று அதில் இருந்தது. “சரி, சாமான்களை யார் யார் எடுத்துக்கறீங்க?” என்று கேட்டேன். கண்டக்டர் கயிறு தனக்கு என்றார். நர்ஸ் கம்பளியையும் மாவையும் எடுத்துக்கொண்டாள். வெள்ளிக் காப்பைப் பொதுவில் வைக்கலாம் என்றேன். நாகலூர்க்காரரின் நோட்டை நானே வாங்கி, அந்தப் பக்கத்தை ரப்பரால் அழித்துவிட்டு அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். “அண்ணே, புது ஆளை எழுதுங்க. மந்திரவாதி வேணுமா?” எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

அவர் நோட்டை மூடினார். காப்பியைக் குடித்து முடித்தார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனார்.

“கோச்சுக்கிட்டாரு” என்றேன்.

சமையலறை வாசலில் நின்றிருந்த நர்ஸின் அம்மா, “கோவம் மாதிரி தெரியலயே. சாவு ஊட்டுலேர்ந்து போறவங்கதான் இப்படிப் போயிட்டு வர்றேன்னு சொல்லாமப் போவாங்க” என்றார்.

விளையாட்டுக்குப் போய் இதெல்லாம் என்ன என்று நான் சிடுசிடுத்தேன். அன்று அதற்கு மேல் ஆடவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. காப்பிப் பழம் பறிக்கிற சமயம், அதனால்தான் என்று சொல்லிக்கொண்டோம். அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. டவுனில் அவரைப் பார்த்ததாக நர்ஸ் சொன்னாள். இவளைப் பார்த்ததும் தலையசைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாராம். மூன்று பேரை வைத்துக்கொண்டு ஆடிப் பார்த்தோம், ஓடவில்லை. யாரும் யார் சோற்றைப் பற்றியும் கேட்கவில்லை. என் பூதங்கள் வந்தன, வெட்டுப்பட்டன, அவ்வளவுதான். கண்டக்டர் தெரிந்த பேங்க் அதிகாரி ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதுல எப்படி ஜெயிக்கிறது?” என்றார். அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தோம்.

அன்று அறைக்குப் போய்ப் படிவத்தை வெளியே எடுத்தேன். வருகிறேன் என்பதற்கு எதிரே டிக் போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டேன். மாதம் முடிய பத்து நாள் இருந்தது. நாகலூர்க்காரர் மேல் பயங்கரக் கோபம். ஒரு பகடைக்காக ஒருவர் இப்படி உறவை அறுத்துக்கொள்வாரா? இவரை நம்பியா நான் ஊருக்கே போகாமல் இருந்தேன்? மறுநாள் நர்ஸிடம் போய்ப் படிவத்தைக் காட்டினேன். அவள் முகம் சிவந்துவிட்டது. அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். “போறதுன்னா போங்க. அதுக்கு முன்னாடி நாகலூர் போயி அவர ஒரு வார்த்த கேட்டுட்டுப் போங்க. கேக்காமயே கோவிச்சுக்கறதுக்கு உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

மூன்று பேரும் அந்த வாரமே பஸ் ஏறினோம். கண்டக்டரால் சும்மா பயணியாக உட்கார முடியவில்லை. அந்த வண்டிக் கண்டக்டர் பாவம் பேசாமல் நிற்க, இவர் “உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்குது” என்று கூட்டத்தை நகர்த்திக்கொண்டே வந்தார்.

நாகலூர்க்காரர் வீட்டு முன் களத்தில் காப்பிக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. அவர் தோட்டத்தில் இருந்தார். அவர் மனைவி எங்களைப் பார்த்ததும் யார் என்று புரிந்துகொண்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிட்டே வந்தார். “வாங்க. ஏனுங்க, உங்க சேத்தாளி ஒருத்தரு தவறிட்டாருங்களாமே. பாறையிலேர்ந்து உழுந்துட்டாருன்னு சொன்னாரு. ரெண்டு வாரமா இவரு சரியாச் சாப்புடறதே இல்லீங்க. சின்ன வயசுங்களா?”

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இல்லை அம்மா, அது சும்மா விளையாட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “எங்க வயசுதாங்க” என்றாள் நர்ஸ்.

அவர் வந்தார். மிளகுக் கூடையை இறக்கி வைத்தார். வாங்க என்று சொல்லிப் பாய் போட்டார். அவர் முகத்தில் கோபம் என்று எதுவும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். “அண்ணே, பகடைல ஒண்ணு விழுந்ததுக்கு நான் என்ன பண்ண முடியும்?”

“அதுக்கு நீங்க என்னுங்க பண்ணுவீங்க டீச்சர்” என்றார். நூலகர் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு நான் டீச்சர்தான். “உழுந்தான், செத்தான். தேனெடுக்கறவன் சாவறது உண்டுங்க. அதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லீங்க.” காப்பிக் கொட்டையைக் காலால் தள்ளிக்கொண்டே இருந்தார். “அவனக் குகையிலயே உட்டுட்டு வந்துட்டீங்களே. கயிறு யாருக்கு, கம்பளி யாருக்குன்னு பேசுனீங்க. ஆளத் தூக்கோணும்னு ஒருத்தரு சொல்லல. எடுத்து அடக்கம் பண்ண வேண்டாமுங்களா? அவங்க ஆத்தாகிட்ட யாரு போயிச் சொல்லுவாங்க? நானே சொல்லலாமுன்னா, நாந்தான் செத்துப் போயிட்டனே. செத்தவன் எப்படிங்க வாயத் தொறக்கறது?”

ஒன்றரை வருடமாகக் கூட வந்தவனை ஐந்து நிமிடத்தில் அழித்தது என் கை. ரப்பரைப் பிடித்திருந்த அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் வாயைத் திறந்தது கண்டக்டர்தான். அவர் குரல் கம்மியிருந்தது. “என்ர தப்புதானுங்க. ஆள எண்ணாம வண்டிய எடுத்துட்டேன். இத்தன வருஷ சர்வீஸ்ல அப்படிச் செஞ்சதே இல்லீங்க.”

“ஞாயித்துக்கிழமை தூக்கிட்டு வரோம்” என்றேன். “நீங்க வரணும்.”

“நான் எதுக்குங்க?”

“வீட்டுல அவங்க அம்மாவா யாரு இருப்பா? எனக்கு அவங்களத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.”

அவர் மிளகுக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெல்லம் போட்ட காப்பி வந்தது, குடித்தோம். கிளம்பும்போது அவர் மனைவி நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, “மனசத் தேத்திக்குங்க” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல மழை. அவர் வர மாட்டார் என்றே நினைத்தேன். சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னதாகவே தலையில் கோணிப்பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்து, மேசையின் அந்தக் கோடியில், வழக்கமாக உட்காரும் இடத்தில் இல்லாமல், சுவர் ஓரமாக உட்கார்ந்தார்.

பிணத்தைத் தூக்கிக்கொண்டு போவதற்கு விதிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. கிழிந்துபோன பக்கங்களில் இருந்ததோ என்னவோ. நான் புத்தகத்தை மூடி மேசைக்கு அடியில் வைத்துவிட்டேன். “குகைக்குத் திரும்பி வந்திருக்கீங்க” என்றேன்.

நர்ஸ் முதலில் காயத்தைக் கழுவினாள். தலையில் துணி கட்டினாள். தன் பங்குக்கு வந்த கம்பளியை அவன் மேலேயே போர்த்தினாள். கண்டக்டர் கயிற்றில் பாடை கட்டினார். “மொத்தம் மூணு பேரு” என்று அவனையும் சேர்த்து எண்ணிச் சொல்லிவிட்டு ரைட் கொடுத்தார். அவன் ஊர் மலைக்கு மேலே இருந்தது. இருபது வளைவு என்று வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு தடவை பகடை. சின்ன எண் விழுந்தால் இறக்கி வைத்து மூச்சு வாங்க வேண்டும். வழியில் ஒரு பூதத்தையும் நான் விடவில்லை. நாங்கள் ஆடியதிலேயே மெதுவான ஆட்டம் அதுதான், ஒருவரும் அலுத்துக்கொள்ளவில்லை. ஏழாவது வளைவில் கண்டக்டருக்கு நிஜமாகவே வேர்த்திருந்தது. பதினான்காவதில் மழையில் ஒதுங்க ஒரு பாறை வேண்டும் என்றாள் நர்ஸ், கொடுத்தேன். அவர்கள் சொல்கிற ஒவ்வொன்றையும் நாகலூர்க்காரர் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஊர் வந்தது. வீடு வந்தது. “வாசல்ல ஒரு அம்மா நிக்கறாங்க” என்று சொல்லிவிட்டு நான் நிறுத்திக்கொண்டேன்.

நாகலூர்க்காரர் கண்ணைத் திறந்தார். குரலை மாற்றவில்லை, தன் குரலிலேயேதான் பேசினார். “கொண்டாந்துட்டீங்களா” என்றார். கயிற்றையும் காப்பையும் கொடுத்தேன் என்றார் கண்டக்டர். “காப்பு இருக்கட்டும். கயிறு அவன் தொழில் பண்ணுன கயிறு, சும்மா கெடந்தா வீணாப் போயிரும். நீயே வெச்சுக்க சாமி.” கம்பளியை அவனோடு வைத்துவிடச் சொன்னார். மாவை நர்ஸுக்கே திருப்பித் தந்தார். “தூரம் நடந்து வந்திருக்கற, களி கிண்டிச் சாப்புடு கண்ணு.” நர்ஸ் மூக்கை உறிஞ்சினாள். கண்டக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முடிந்தது என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

“நீ யாரு கண்ணு?” என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. கதை நடத்துகிறவருக்குக் கதையில் பாத்திரம் கிடையாது. நான்தான் குகை, நான்தான் மழை, பூதம், பாறை. அப்படித்தான் ஏதோ உளறினேன்.

“அதெல்லாஞ் செரி” என்றார். ஒன்றரை வருடத்தில் என்னிடம் ஒரு ‘ங்க’ போடாமல் அவர் பேசியது அன்றுதான். “எம்மவன் போன எடத்துக்கெல்லாம் நீயும் போயிருக்கற. எல்லாத்துக்கும் ஊரு வெச்ச, ஊடு வெச்ச. பூதத்துக்குக்கூடச் சோத்துக்கு வழி பண்ணுன. உனக்குன்னு ஒரு ஊடு வெச்சுக்கலியே. மழை பெய்யுது. உள்ள வா. இருந்துட்டுப் போ.”

நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். கறாராக இருக்கவெல்லாம் முடியவில்லை. யாரும் என்னைத் தேற்றவில்லை. நர்ஸின் அம்மா ஐந்து தட்டு எடுத்து வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

திங்கட்கிழமை காலையில் அந்தப் படிவத்தை எடுத்தேன். வருகிறேன் என்பதற்கு எதிரே போட்ட டிக்கை அடித்துவிட்டு, வரவில்லை என்பதற்கு எதிரே டிக் போட்டேன். அதற்குக் கீழே, காரணத்தைக் குறிப்பிடவும் என்று இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு, குடும்பச் சூழ்நிலை என்று எழுதித் தபாலில் சேர்த்தேன்.